தோற்கும் என்று தெரிந்தே வாக்கெடுப்பு கோருவது ஏன்? பிரிட்டன் எதிர்க்கட்சி உறுப்பினரின் நாடாளுமன்றப் பணியை வாசிக்க ஓர் எளிய அறிமுகம்

2025 ஜனவரி 8 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி அதற்கு ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. சிறுமிகளை வசப்படுத்திக் கூட்டாகப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய கும்பல்களைப் பற்றி நாடு தழுவிய சட்டபூர்வ விசாரணை வேண்டும் என்பதும், மசோதாவை இந்த வாசிப்பில் சபை ஏற்கக் கூடாது என்பதும் அதன் சாரம். வாக்கெடுப்பில் திருத்தத்துக்கு ஆதரவாக 111 பேரும் எதிராக 364 பேரும் வாக்களித்தார்கள்.

இந்த முடிவு யாருக்கும் வியப்பளித்திருக்காது. 2024 ஜூலை 4 பொதுத் தேர்தலில் மொத்தமுள்ள 650 இடங்களில் லேபர் கட்சி 411 இடங்களை வென்றிருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தவை 121, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72. இந்தக் கணக்கில் எதிர்க்கட்சி எந்த வாக்கெடுப்பைக் கோரினாலும் தோற்கும். அப்படியானால் ஏன் கோருகிறார்கள்? ஒரு பிரிட்டிஷ் எதிர்க்கட்சி உறுப்பினரின் அண்மைக்கால நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் படிக்க முற்படும் புதிய வாசகர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு விடை தெரியாவிட்டால், அவர் எத்தனை முறை பேசினார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை வாக்களித்தார் என்ற எண்ணிக்கைகள் கண்ணில் படுமே தவிர, அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது புரியாது.

அந்த ஜனவரித் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வாசிப்பு என்பது ஒரு மசோதாவின் அடிப்படைக் கொள்கையைச் சபை ஏற்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் கட்டம். அதை எதிர்க்கும் கட்சி, வெறுமனே எதிர்த்து வாக்களிக்கலாம்; அல்லது எதற்காக எதிர்க்கிறோம் என்ற காரணத்தை எழுத்தில் வைத்து, அந்தக் காரணத்தின் மீதே சபையை வாக்களிக்கச் செய்யலாம். இரண்டாவது வழிதான் காரணம் கூறும் திருத்தம். அது நிறைவேறினால் மசோதா அங்கேயே வீழ்ந்துவிடும். ஆகவே, குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தையே எதிர்க்கட்சி கவிழ்க்கப் பார்க்கிறது என்று அரசு சொன்னதில் உண்மை இருந்தது. திருத்தம் நிறைவேறாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க, ஆளுங்கட்சியின் ஒவ்வோர் உறுப்பினரும் விசாரணைக் கோரிக்கைக்கு எதிராகப் பெயர் பதிக்க வேண்டிய நிலையை உருவாக்குவதே எதிர்க்கட்சியின் நோக்கம் என்பதும் உண்மை. பதினான்கு ஆண்டுகள் ஆட்சியில் இருந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கன்சர்வேட்டிவ் கட்சியை நோக்கி எழுந்த எதிர்க்கேள்வியும் நியாயமானதே; பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தலைமையிலான விரிவான விசாரணையின் இறுதி அறிக்கை 2022 அக்டோபரில், அக்கட்சி ஆட்சியில் இருந்தபோதே வெளிவந்திருந்தது.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசின் வேண்டுகோளின்படி லூயிஸ் கேஸி இக்கும்பல்களைப் பற்றி நடத்திய ஆய்வு தேசிய விசாரணையைப் பரிந்துரைத்ததை அடுத்து, 2025 ஜூன் 14 அன்று பிரதமர் கியர் ஸ்டார்மர் அதை ஏற்பதாக அறிவித்தார். இரண்டு நாள் கழித்து உள்துறை அமைச்சர் சபையில் அறிக்கை அளித்தார். ஜனவரியில் தோற்ற வாக்கெடுப்புதான் இதைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய குரல், ஊடகங்களின் நெடிய புலனாய்வு, ஆளுங்கட்சிக்குள்ளேயே சிலர் விசாரணை கேட்டது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேஸியின் கண்டறிதல்கள் ஆகியவை அதற்குப் பின்னால் இருந்தன. ஆயினும் ஜனவரியில் அரசு எந்த இடத்தில் நின்றது என்பது 364 பெயர்களாகப் பதிவாகியிருந்தது. அரசு இடம் மாறியபோது எங்கிருந்து மாறியது என்று சுட்டிக்காட்ட அந்தப் பதிவு இருந்தது. எதிர்க்கட்சி உறுப்பினரின் பணியில் விளையும் பொருள் பெரும்பாலும் இத்தகைய பதிவுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எதிர்க்கட்சி என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசில் இல்லாத கட்சிகள் எல்லாமே எதிர்க்கட்சிகள்தான். அவற்றுள் பெரியது மட்டும் ‘மாட்சிமை பொருந்திய மன்னரின் விசுவாசமுள்ள எதிர்க்கட்சி’ என்று அழைக்கப்படுகிறது. மன்னரின் எதிர்க்கட்சி என்ற தொடர் 1826-ஆம் ஆண்டு விவாதமொன்றில் ஜான் காம் ஹோப்ஹவுஸ் என்ற உறுப்பினரின் வாயிலிருந்து சபையைச் சிரிக்கவைக்கும் பேச்சாக வந்தது. 1937-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு ஊதியம் என்று விதித்தபோது, அந்தச் சிரிப்பு அரசியலமைப்பின் பகுதியாகிவிட்டது. அரசை எதிர்ப்பதற்காகவே அரசுக் கருவூலத்திலிருந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது நாட்டுக்கு நல்லது என்று ஒரு சமூகம் முடிவெடுத்த அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 2024 நவம்பர் 2 முதல் அந்தப் பதவியில் இருப்பவர் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் கெமி பேடனாக்.

எதிர்க்கட்சித் தலைவர் ஒவ்வோர் அமைச்சருக்கும் எதிராக ஒரு நிழல் அமைச்சரை நியமிக்கிறார். நிழல் அமைச்சர்கள் சபையின் முன்வரிசையில் அமர்ந்து, தமக்குரிய துறையைப் பற்றிக் கட்சியின் சார்பில் பேசுகிறார்கள். பின்வரிசை உறுப்பினர்கள் தம் தொகுதிக்காகவும் தமக்கு நெருக்கமான விஷயங்களுக்காகவும் பேசுகிறார்கள். ஒருவருடைய நடவடிக்கைப் பட்டியலைப் பார்க்கும்போது அவர் எந்த வரிசையைச் சேர்ந்தவர் என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. நிழல் நிதியமைச்சர் வரியைப் பற்றி மட்டுமே பேசுகிறார் என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

பெரும்பாலானோர் தொலைக்காட்சியில் பார்ப்பது புதன்கிழமை நண்பகலில் நடக்கும் பிரதமரின் கேள்வி நேரத்தைத்தான். டோனி பிளேர் 1997-இல் பிரதமரானபோது, வாரம் இருமுறை கால் மணி நேரமாக இருந்ததை ஒரே நாளில் அரை மணி நேரமாக மாற்றினார். எதிர்க்கட்சித் தலைவர் ஆறு கேள்விகளும், இரண்டாவது பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் இரண்டு கேள்விகளும் கேட்கலாம். இப்போது அந்த இரண்டும் லிபரல் டெமாக்ரட் தலைவர் எட் டேவிக்கு உரியவை. மற்ற உறுப்பினர்கள் குலுக்கலில் பெயர் வந்தால் கேட்கலாம், அல்லது சபாநாயகரின் கண்ணில் படும்படி எழுந்து நின்று வாய்ப்புப் பெறலாம். பிரதமரின் அன்றைய நிகழ்ச்சிகள் எவை என்ற சம்பிரதாயக் கேள்விதான் முன்கூட்டியே எழுத்தில் தரப்படுகிறது. அதற்குத் துணைக்கேள்வியாக எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், என்ன வரும் என்று பிரதமருக்குத் தெரியாது.

இந்த அரை மணி நேரத்தின் பயன் பற்றிப் பலருக்கும் ஐயம் உண்டு. கூச்சலும் கைதட்டல் வேட்டையும் அதில் மிகுதி என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சரியான நாளில் கேட்கப்படும் நேரடிக் கேள்விக்கு அங்கே தனி வலிமை இருக்கிறது. 2025 செப்டம்பர் 10 அன்று, அமெரிக்காவுக்கான பிரிட்டிஷ் தூதராக இருந்த பீட்டர் மாண்டல்சன் மீது பிரதமருக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பதை பேடனாக் எழுப்பினார். நம்பிக்கை இருக்கிறது என்று பிரதமர் விடையளித்தார். மறுநாளே மாண்டல்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கத்துக்குக் காரணம், பாலியல் குற்றவாளியான ஜெஃப்ரி எப்ஸ்டீனுக்கு அவர் எழுதிய மின்னஞ்சல்கள் ஊடகத்தில் வெளியானதே. எதிர்க்கட்சித் தலைவரின் கேள்வி அல்ல. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிராவிட்டால், செப்டம்பர் 10 நண்பகலில் பிரதமரின் நிலைப்பாடு என்ன, அப்போது அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்ற அடுத்தகட்டக் கேள்விகளுக்குப் பிடிமானமே இருந்திருக்காது.

ஆரவாரம் ஏதுமின்றி நடக்கும் எழுத்துபூர்வக் கேள்விகளைத்தான் நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன். எந்த உறுப்பினரும் அரசின் எந்தத் துறைக்கும் கேள்வி எழுதி அனுப்பலாம். விடை எந்த நாளுக்குள் வேண்டும் என்று குறிப்பிட்டும் கேட்கலாம். அத்தகைய கேள்விகள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து என்பது வரம்பு. கேள்வி அமைச்சரின் பொறுப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்; வாதம் செய்யக் கூடாது; ஊகத்தின் மேல் நிற்கக் கூடாது. இந்த விதிகளின் விளைவாக, எழுத்துபூர்வக் கேள்விகள் வறண்டவை போலத் தோன்றும். இன்ன மருத்துவமனைக் கட்டடத்துக்கு இன்ன ஆண்டில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, இன்ன விண்ணப்பங்களில் எத்தனை ஆறு மாதத்துக்கும் மேலாக நிலுவையில் உள்ளன என்ற வகையில்தான் அவை இருக்கும். அந்த வறட்சியில்தான் அவற்றின் பயன் அடங்கியிருக்கிறது. உணர்ச்சிமிக்க உரைக்கு அமைச்சர் உணர்ச்சிமிக்க உரையாலேயே விடையளித்துவிடலாம்; எண்ணைக் கேட்கும் கேள்விக்கு எண்ணைத் தர வேண்டும், அல்லது ஏன் தர முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

தர முடியாமைக்கும் ஒரு சொல்வழக்கு உண்டு. விவரத்தைத் திரட்ட ஆகும் செலவு அளவுக்கு மீறியது என்று துறைகள் விடையளிக்கும். வேறு சில சமயம், அத்தகைய விவரம் மத்திய அளவில் சேகரிக்கப்படுவதில்லை என்பார்கள். தொடக்கநிலை வாசகர் இத்தகைய விடைகளைப் பார்த்ததும் கேள்வி வீணாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. பல கோடி பவுண்டு செலவாகும் ஒரு திட்டத்தில் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்பதை அரசு கணக்கெடுக்கவே இல்லை என்பது எவ்வளவு பெரிய செய்தி! அனுபவமுள்ள உறுப்பினர் அந்த விடையை எடுத்துக்கொண்டு, ஏன் கணக்கெடுக்கவில்லை, இனி எடுக்கும் எண்ணம் உண்டா என்று அடுத்த கேள்வியை எழுதுவார்.

விடாப்பிடியாகக் கேட்பதால் என்ன நடக்கும் என்பதற்கு டாம் டியெல் பழைய, ஆனால் மறக்க முடியாத எடுத்துக்காட்டு. 1962 முதல் 2005 வரை உறுப்பினராக இருந்த லேபர் கட்சிக்காரர் அவர். ஃபாக்லாந்து போரின்போது, 1982 மே 2 அன்று அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 323 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பற்குழு பிரிட்டிஷ் படையை நெருங்கிக்கொண்டிருந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் சபையில் சொன்னார். தாக்கப்பட்டபோது கப்பல் விலகி மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது என்பது பின்னரே வெளியானது. டியெல் எதிர்க்கட்சியின் பின்வரிசையிலிருந்து இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். தம் கட்சியிலேயே சிலருக்கு அது சலிப்பூட்டியது. அவருக்கு உரிய விடைகள் அமைச்சகத்துக்குள் எப்படித் தயாராகின்றன என்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கிளைவ் பான்டிங் என்ற அதிகாரி, நாடாளுமன்றம் தவறாக வழிநடத்தப்படுகிறது என்று கருதி 1984-இல் ஆவணங்களை டியெலுக்கு அனுப்பினார். அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் பான்டிங் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1985 பிப்ரவரியில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. கப்பலை மூழ்கடித்தது போர்முறையின்படி சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. சபையிடம் சொல்லப்பட்டது முழு உண்மையா என்ற கேள்வி உயிரோடு இருந்ததற்குக் காரணம், ஓர் உறுப்பினர் கேட்பதை நிறுத்தாததுதான்.

இங்கே தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் ஈழத் தமிழர்கள், போரின் இறுதிக்கட்டத்தில் நிகழ்ந்தவற்றுக்குப் பொறுப்புக்கூறல் வேண்டும் என்று தம் தொகுதி உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கணக்கில் எழுதி வந்திருக்கிறார்கள். அந்தக் கடிதங்கள் பல கட்சிகளின் உறுப்பினர்கள் வழியாகக் கேள்விகளாகவும் விவாதங்களாகவும் சபைக்குள் வந்தன. 2025 மார்ச் 24 அன்று பிரிட்டிஷ் அரசு சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய, கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் ஆகிய நால்வர் மீது, அந்தப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களுக்காகத் தடை விதித்தது. ஒரு குடும்பம் தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதும் கடிதம் எவ்வளவு நீண்ட பாதையைக் கடக்கிறது என்பதற்கு இது சான்று.

எதிர்க்கட்சிக்குச் சபையின் நேரமே சொந்தமில்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். எதை எப்போது விவாதிப்பது என்பதைப் பெரும்பாலும் அரசுதான் முடிவு செய்கிறது. சபையின் நடைமுறை விதிகளுள் ஒன்றான நிலையியற் கட்டளை 14 இதற்கு ஒரு விலக்கு அளிக்கிறது. ஒரு கூட்டத்தொடரில் 20 நாள்கள் எதிர்க்கட்சிகளுக்கு உரியவை; அவற்றுள் 17 நாள்கள் அதிகாரபூர்வ எதிர்க்கட்சிக்கும் 3 நாள்கள் அடுத்த பெரிய எதிர்க்கட்சிக்கும் தரப்படுகின்றன. அன்று எதை விவாதிப்பது என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். நாளை ஒதுக்குவது மட்டும் அரசின் கையில் இருப்பதால், எதிர்க்கட்சிக்கு வசதியான நேரத்தில் நாள் கிடைக்கும் என்ற உறுதியில்லை.

அந்த நாள்களில் எதிர்க்கட்சி வெல்வது அரிது, வென்றதும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றி 1997-க்கு முன் ஓய்வுபெற்ற நேபாளக் கூர்க்கா படைவீரர்கள் பிரிட்டனில் குடியேற லேபர் அரசு கடும் நிபந்தனைகளை விதித்திருந்தது. 2009 ஏப்ரல் 29 அன்று, நிக் கிளெக் தலைமையிலான லிபரல் டெமாக்ரட் கட்சி தனக்குக் கிடைத்த நாளில் அவர்களுக்குச் சம உரிமை கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. 267-க்கு 246 என்ற கணக்கில் அது நிறைவேறியது. ஆளுங்கட்சியினர் 27 பேர் தம் அரசுக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. ஆனால் நடிகை ஜொஆனா லம்லி முன்னின்று நடத்திய இயக்கமும் மக்களின் ஆதரவும் பின்னால் இருந்த நிலையில், அரசு வெகுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. மே 21 அன்று உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித், நான்காண்டுப் பணி முடித்த கூர்க்காக்கள் குடியேறலாம் என்று அறிவித்தார். சிறிய கட்சிக்கு ஆண்டில் கிடைக்கும் மிகச் சில நாள்களில் ஒன்றை இப்படிப் பயன்படுத்தியது, எதை விவாதிப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கு ஓர் இலக்கணம்.

கட்டுப்படுத்தாத தீர்மானத்தை அரசு பொருட்படுத்தாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? 2017-இல் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் பெரும்பான்மையை இழந்திருந்த தெரசா மே அரசு, எதிர்க்கட்சி நாள்களில் வாக்களிக்காமல் ஒதுங்கிவிடும் உத்தியைக் கையாண்டது. அக்டோபர் 18 அன்று, யூனிவர்சல் கிரெடிட் என்ற நலவுதவித் திட்டத்தின் விரிவாக்கத்தை நிறுத்திவைக்கக் கோரிய லேபர் தீர்மானம் 299-க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்ப்பே இல்லாத வெற்றி, திட்டமோ நிற்கவில்லை. சபையின் முடிவை அரசு இப்படிக் கடந்துபோகலாமா என்ற கண்டனம் எழுந்ததால், நிறைவேறும் இத்தகைய தீர்மானங்களுக்குப் பன்னிரண்டு வாரங்களுக்குள் பதில் அறிக்கை தருவதாக அரசு ஒப்புக்கொண்டது.

அப்போது பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுதல்) துறையின் நிழல் அமைச்சராக இருந்தவர், இன்றைய பிரதமர் கியர் ஸ்டார்மர். வழக்கறிஞராக நெடுங்காலம் பணியாற்றிய அவரும் அவருடைய குழுவினரும், பெரிதும் வழக்கொழிந்துபோயிருந்த ஒரு வடிவத்தைத் தேடி எடுத்தார்கள். இன்ன ஆவணங்களைச் சபையின் முன் வைக்க ஆணையிடுமாறு மன்னருக்குப் பணிவுடன் விண்ணப்பிக்கும் தீர்மானம் அது. சொல்லில் பணிவு இருந்தாலும் விளைவில் அது கட்டளை. சபை நிறைவேற்றினால் அரசு ஆவணங்களைத் தர வேண்டும். 2017 நவம்பர் 1 அன்று, பிரெக்சிட் ஒவ்வொரு தொழில்துறையையும் எப்படிப் பாதிக்கும் என்ற ஆய்வுகளைக் கேட்டு இத்தகைய தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. அந்த மாத இறுதியில் ஏறத்தாழ 850 பக்கங்கள் சபையின் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு மாதத்துக்குள், 299 வாக்குகளால் செய்ய முடியாததை வேறொரு வாக்கிய அமைப்பு செய்துவிட்டது.

அடுத்த ஆண்டு அதே கருவி இன்னும் ஆழமாகப் பாய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் ஒப்பந்தம் பற்றி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி காக்ஸ் அளித்த சட்ட ஆலோசனையை முழுமையாக வெளியிட வேண்டும் என்று 2018 நவம்பர் 13 அன்று சபை இதே வடிவில் தீர்மானித்தது. தோற்றுவிடுவோம் என்று அஞ்சிய அரசு அன்றும் வாக்கெடுப்பைத் தவிர்த்தது. ஆனால் அரசுக்குத் தரப்படும் சட்ட ஆலோசனை இரகசியமாக இருப்பதே நாட்டுக்கு நல்லது என்று கூறி, டிசம்பர் 3 அன்று 43 பக்கச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. காக்ஸ் சபைக்கு வந்து மணிக்கணக்கில் கேள்விகளுக்கு விடையளித்தார். அரசின் வாதம் அற்பமானதன்று. வழக்கறிஞரிடம் மனம்விட்டுப் பேச முடியாத அரசு நல்ல முடிவுகளை எடுக்க இயலாது என்பதில் நியாயம் இருக்கிறது. எனினும், அந்த நியாயத்தைச் சொல்லித் தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்க வேண்டிய நாள் நவம்பர் 13; அன்று வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னர் சபையின் ஆணையை மறுக்க முடியாது என்பதே என் கருத்து.

ஸ்டார்மரும் மற்ற எதிர்க்கட்சிகளும், அரசுக்கு ஆதரவளித்து வந்த வட அயர்லாந்தின் டெமாக்ரட்டிக் யூனியனிஸ்ட் கட்சியும் சேர்ந்து சபாநாயகர் ஜான் பெர்கோவுக்கு எழுதினார்கள். அரசு சபையை அவமதித்திருக்கிறது என்று வாதிட இடமிருக்கிறது என அவர் தீர்ப்பளித்தார். டிசம்பர் 4 அன்று, விஷயத்தைச் சிறப்புரிமைக் குழுவுக்கு அனுப்ப அரசு கொண்டுவந்த திருத்தம் 311-க்கு 307 என்று தோற்றது. அவமதிப்புத் தீர்மானம் 311-க்கு 293 என்று நிறைவேறியது. ஓர் அரசே சபையை அவமதித்ததாகச் சபை முடிவு செய்வது அதுவரை நடந்திராத ஒன்று. மறுநாள் ஆலோசனைக் கடிதம் வெளியானது. வட அயர்லாந்து தொடர்பான ஏற்பாடு, வேறோர் ஒப்பந்தம் வரும்வரை காலவரையின்றி நீடிக்கலாம் என்று காக்ஸ் அதில் எழுதியிருந்தார். அந்த வரி ஒப்பந்தத்தின் தலைவிதியைப் பெரிதும் பாதித்தது. பெரும்பான்மை இல்லாத அரசு என்பதால்தான் இது முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 411 உறுப்பினர் பலமுள்ள அரசின் முன் இதே தீர்மானம் முதல் நாளிலேயே வீழ்த்தப்பட்டிருக்கலாம்.

வாக்குப் பதிவுகளைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. காமன்ஸ் சபையில் உறுப்பினர்கள் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு நடைக்கூடங்களில் ஒன்றின் வழியாக நடந்து சென்று வாக்களிக்கிறார்கள். நடுநிலை என்று பதிவு செய்யும் முறை அங்கே இல்லை. ஒருவர் பெயர் இரு பக்கத்திலும் இல்லையென்றால் அவர் விருப்பத்துடன் ஒதுங்கியிருக்கலாம், நோயுற்றிருக்கலாம், நாடாளுமன்றப் பணியாக வெளிநாடு சென்றிருக்கலாம், அல்லது எதிர்த்தரப்பில் ஒருவரோடு இணை சேர்ந்திருக்கலாம். இணை சேர்தல் என்பது இரு கட்சிக் கொறடாக்களும் பேசிவைத்து, இரு தரப்பிலும் ஒவ்வொருவர் வாக்களிக்காமல் இருக்கச் செய்யும் எழுதப்படாத ஏற்பாடு. லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஜோ ஸ்வின்சன் 2018 ஜூலையில் பிள்ளைபெற்று வீட்டில் இருந்தபோது, கன்சர்வேட்டிவ் கட்சியின் பிராண்டன் லூயிஸுடன் இப்படி இணை சேர்க்கப்பட்டிருந்தார். ஜூலை 17 அன்று முக்கியமான வாக்கெடுப்புகளில் லூயிஸ் வாக்களித்துவிட்டார். தவறுதலாக நேர்ந்தது என்று அரசு தரப்பு வருத்தம் தெரிவித்தது. அந்தக் கசப்பு, பிள்ளைபெற்ற உறுப்பினர்கள் தம் வாக்கை இன்னொருவர் மூலம் அளிக்கும் முறை 2019 ஜனவரியில் சோதனை முறையாக வருவதற்கு ஒரு தூண்டுதலாயிற்று. ஸ்வின்சனின் அந்த நாள் பதிவை மட்டும் பார்ப்பவருக்கு அவர் வரவில்லை என்பதுதான் தெரியும்.

உறுப்பினர்கள் கையெழுத்திடும் முன்னறிவிப்புத் தீர்மானங்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலானவை விவாதத்துக்கே வருவதில்லை. கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். 1979 மார்ச்சில் மார்கரெட் தாட்சர் எதிர்க்கட்சித் தலைவராகக் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் இந்த வடிவில் தொடங்கி, 28-ஆம் நாள் 311-க்கு 310 என்று ஒரே வாக்கில் ஜேம்ஸ் கலகன் அரசை வீழ்த்தியது என்பது விதிவிலக்கு.

ஆகவே ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் அண்மைப் பதிவுகளைப் படிக்க விரும்புபவர், எண்ணிக்கைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் கையிலெடுத்த ஏதேனும் ஒரு விஷயத்தைத் தேர்ந்து, அதைத் தேதி வரிசையில் பின்தொடரட்டும். முதலில் ஓர் எழுத்துபூர்வக் கேள்வி இருக்கும். அதன் விடையில் கிடைத்த எண் சில வாரங்கள் கழித்து அவருடைய உரையில் வருகிறதா? அந்த உரைக்கு அமைச்சர் தந்த வாக்குறுதி பின்னொரு கேள்வியில் நினைவூட்டப்படுகிறதா? ஆண்டுக்கு ஆயிரம் கேள்விகளை ஒரே அச்சில் வார்த்து அனுப்பும் உறுப்பினரும் உண்டு. இருபது கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு துறையையே தலைநிமிர்ந்து பார்க்கவைக்கும் உறுப்பினரும் உண்டு. எண்ணிக்கையில் முன்னவர் ஐம்பது மடங்கு உழைப்பாளியாகத் தெரிவார்.

சபையில் பேசப்படுவதெல்லாம் ஹன்சார்ட் என்ற அதிகாரபூர்வப் பதிவில் ஏறுகிறது. எழுத்துபூர்வக் கேள்வியும் விடையும் தேதியோடும் பெயரோடும் நாடாளுமன்றத்தின் பொதுப் பதிவில் நிற்கின்றன. இந்தப் பதிவுகளில் புதிய வாசகர்கள் பார்க்கத் தவறும் ஒரு பகுதி, அமைச்சர்கள் செய்யும் திருத்தங்கள். சபைக்குத் தவறான தகவல் தந்துவிட்ட அமைச்சர், அறியாமல் செய்திருந்தால் கூடிய விரைவில் திருத்த வேண்டும் என்றும், அறிந்தே செய்திருந்தால் பதவி விலகுவதே எதிர்பார்க்கப்படும் என்றும் அமைச்சர்களுக்கான நடத்தை விதி கூறுகிறது. அதனால், ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு விடை வந்து சில வாரங்கள் கழிந்தபின், முன்பு சொன்ன எண் தவறு, சரியான எண் இது என்று இரண்டே வரியில் ஒரு திருத்தம் வெளியாகும். எந்தச் செய்தித்தாளும் அதைப் பெரிதாக எழுதாது. அந்தத் திருத்தத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, முதலில் யார், எந்த நாளில், என்ன சொற்களில் கேட்டார் என்று தேடிப் பார்ப்பதிலிருந்து வாசிப்பைத் தொடங்கலாம்.